கேட்டுக்கு வெளியே முதல் வகுப்பு

தான் தொடங்கும் பள்ளியைத் திறக்க வேண்டிய காலையில் ஜான்சி கூடுவாஞ்சேரிக்கு வந்தபோது, வாடகைக்குப் பிடித்த வீட்டின் கேட் பூட்டிக் கிடந்தது. மற்ற பள்ளிகள் திருப்பி அனுப்பிய ஆட்டிசக் குழந்தைகளுக்காக, தாம்பரத்தில் பார்த்த ஆசிரியை வேலையை விட்டுவிட்டு அவள் அலைந்து தேடிய வீடு அது.

வீட்டுக்காரர் குப்புராஜ் பைக்கை விட்டு இறங்கவில்லை.

"தெருவே வேணாங்குது டீச்சர். புள்ளைங்க கத்துமாமே. எனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

பிள்ளைகளோடு நின்ற தாய்மார்களில் ஒருத்தியான அருள்மேரி, "வூட்டுக்குப் போயிடலாமா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டாள்.

இன்று போனால் இவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்று ஜான்சிக்குத் தோன்றியது. எதிரே இருந்த காலி மனையில் பாயை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தாள். அருள்மேரியின் மகன் சாலமன் மட்டும் கத்தியபடி மனையைச் சுற்றி ஓடினான். ஜான்சியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று உரக்கச் சொல்லியபடி அவன் கூடவே ஓடினாள். மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சாலமன் கத்துவதை நிறுத்திவிட்டு, "மூணு" என்றான். அருள்மேரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பைக்கில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த குப்புராஜ், வெயில் ஏறியதும் வந்து கேட்டைத் திறந்தார்.

"இந்த மாசம் மட்டும்தான். அப்பால தெரு இன்னா சொல்லுதோ, அதான்."

மாலை மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் ஜான்சி நின்றுகொண்டே வந்தாள். நாளை தெருவில் எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்று மனம் அலைந்துகொண்டே இருந்தது.