படத்தில் கர்னல் அழுதார்

படத்தில் கர்னல் அழுதார். சாட்சிக் கூண்டில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆமாம், நான்தான் உத்தரவு போட்டேன்" என்று கோர்ட்டே அதிரக் கத்திவிட்டு அழுதார். அதைப் பார்த்து என் மாமாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை என் தம்பி நிஜமான ராணுவக் கோர்ட்டில் நிற்கப்போகிறான். இவர் பொய்க் கர்னலுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மாமா என்றால் எங்கள் அம்மாவின் கடைசித் தம்பி. தண்ணீர் வரி அலுவலகத்தில் வேலை. நிஜக் கோர்ட் படியை ஒருநாளும் மிதித்ததில்லை, ஆனால் கோர்ட் படம் ஒன்றையும் விட்டதில்லை. வீட்டுக் குழாய் ஏன் ஒழுகுகிறது என்பதிலிருந்து யாருடைய கல்யாணம் நிலைக்கும் என்பது வரை எல்லாவற்றுக்கும் முடிவு சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே தீர்ப்பு மாமா. அப்பா அம்மா போன பிறகு எங்களுக்குப் பெரியவர் என்று இருப்பவர் அவர் ஒருவர்தான், அதனால் ஓரளவுக்கு மேல் திட்டவும் முடியாது.

தம்பி ராணுவ லாரி ஓட்டுகிறவன். அன்று ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு விட்டிருந்தார்கள். கூடவே காவலுக்கு ஒரு கார்ப்பரல். அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். படம் போகப் போக நாற்காலி நகர்ந்து நகர்ந்து, கர்னல் அழும்போது கூடத்தின் நடுவுக்கே வந்துவிட்டது.

வழக்கு இதுதான். ஒரு மழை நாளில், தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தபோது, லாரியைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். லாரி அடித்துக்கொண்டு போனது. தம்பி நீந்திக் கரையேறிவிட்டான். கூட இருந்த சிநேகிதன் செத்துப்போனான். அவனைப் பட்டாளத்தில் எல்லாரும் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த முதல் நாளே மொட்டையடித்துவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. லீவில் வந்தால் எங்கள் வீட்டில்தான் விழுந்து கிடப்பான். முன்னால் ஜீப்பில் போன மேஜர், பாலத்துக்கு முன்பே இறங்கிக் கரையில் நின்றார். "காத்திருங்கள் என்று சொன்னேன், கேட்காமல் இறக்கிவிட்டார்கள்" என்பது அவர் வாக்குமூலம். அவர் கையைக் காட்டிப் 'போ' என்றார் என்பது தம்பி எங்களிடம் சொன்னது. நான்தான் ஓட்டினேன் என்பதையும் சொன்னான். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி வாயைத் திறக்கமாட்டான்.

குற்றம் நிரூபணமானால் ஜெயில், வேலையும் போய்விடும். ஜெயிலுக்குப் போய்வந்த பட்டாளத்துக்காரனுக்கு எவன் வண்டிச் சாவியைக் கொடுப்பான்? அவனை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

படம் முடிந்ததும் விவாதம் ஆரம்பமானது. கார்ப்பரல்தான் முதலில் வாயைத் திறந்தார். படத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் மெடல், தொப்பி, பெல்ட் எல்லாம் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றானே, அதெல்லாம் சுத்தப் பொய் என்றார். நிஜத்தில் தொப்பியையும் பெல்ட்டையும் வாங்கிவைத்துக்கொண்டுதான் உள்ளே கூட்டிப்போவார்களாம். அது படத்துக்காகச் செய்தது என்று மாமா ஒதுக்கித் தள்ளினார். நடைமுறை முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் கேள்வி கேட்கிற விதத்தில் கேட்டால் எப்பேர்ப்பட்ட அதிகாரியும் உடைந்துவிடுவான், அந்த இடம் நூற்றுக்கு நூறு நிஜம் என்று தீர்ப்புச் சொன்னார். பட்டாளத்துக் கோர்ட்டைப் பற்றிப் பட்டாளத்துக்காரருக்கே பாடம் நடத்துகிற மனுஷரை என்னவென்று சொல்வது?

அந்த நேரத்தில்தான் ஒரு பெண் கேப்டன் வந்தார். சின்ன வயசு, என்னைவிட இளையவர். தம்பிக்குத் துணையாக வழக்கில் உட்காரப்போகிற அதிகாரி அவர்தான். அந்தப் பதவிக்கு ராணுவத்தில் 'நண்பர்' என்றே பெயர். மாமா விடுவாரா, அவருக்காக அந்தக் கர்னல் காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டினார். கேப்டன் நின்றபடியே பார்த்தார்.

"எப்படிம்மா? வியாழக்கிழமை நீங்களும் இப்படி மேசையத் தட்டிக் கேட்டீங்கன்னா மேஜர் கக்கிடுவார்ல?" என்றார் மாமா.

"நான் வாயே திறக்கக் கூடாதுங்க. இந்த மாதிரி சின்னக் கோர்ட்ல நண்பர் பக்கத்துல உக்காரலாம், கேள்விய எழுதிக் குடுக்கலாம், அவ்வளவுதான். கேக்கறது அவர்தான் கேக்கணும்."

மாமாவின் முகம் சுருங்கியது. பேசத் தெரியாத பிள்ளையைப் பேசவிட்டுப் படித்தவர் வாயைக் கட்டிப்போடுவது என்ன நியாயம் என்று பொரிந்தார். அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவர் பேச்சில் தப்புத் தெரியவில்லை. கேப்டன் அதற்கெல்லாம் அசரவில்லை. "படத்துல அந்த ஆள் உடையணும்னு எழுதி வச்சிருக்காங்க, உடையறார். நெசத்துல இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிடுவார்" என்றார்.

பிறகு உட்கார்ந்து, எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். அன்று கொட்டுகிற மழை. லாரிக்குள் யார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார் என்று கரையில் நின்ற மேஜருக்குத் தெரியாது. சுருட்டைக்கும் லைசென்ஸ் உண்டு. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டுவது வழக்கம். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்ததால் எந்த வாக்குமூலத்திலும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே மேஜரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இறந்தவருக்கும் ஓட்டத் தெரியுமா, ஓட்டியது யார் என்று நீங்கள் பார்த்தீர்களா. பார்க்கவில்லை என்றுதான் அவர் சொல்லியாக வேண்டும். வழக்கு அதோடு படுத்துவிடும்.

எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறைப்பானேன், செத்துப்போன பையன் தலையில் அது விடியும் என்பது அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவே இல்லை. கேப்டன் போன பிறகு தம்பி டிவியையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அந்த இடத்த இன்னொரு தடவ போடுங்க" என்றான்.

போட்டார். கர்னல் மறுபடியும் அழுதார். மாமா என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பது போலத் தலையை ஆட்டினார். ரிமோட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிடலாம் போல இருந்தது எனக்கு.

முகாம் வாசலுக்கு எதிரே சலவைக் கடை வைத்திருப்பவள் நான். வியாழக்கிழமைக்கு அவன் யூனிஃபார்மை நானே தேய்த்தேன். கத்தி மடிப்பு வைத்து, பித்தளைப் பொத்தான் ஒவ்வொன்றையும் துடைத்துக் கொடுத்தனுப்பினேன். கார்ப்பரல் சொன்னது நிஜம். அவனை உள்ளே கூட்டிவந்தபோது தொப்பியும் இல்லை, பெல்ட்டும் இல்லை. பெல்ட் இல்லாததால் சட்டை தொளதொளவென்று தொங்க, ஸ்கூலில் வெளியே நிற்கவைத்த பையன் மாதிரி வந்து நின்றான்.

கோர்ட் என்றால் பெரிய மண்டபமெல்லாம் இல்லை, பயிற்சி வகுப்பு நடத்துகிற அறை. கரும்பலகையில் யாரோ பாதி அழித்த வரைபடம். நீள மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள், ஓரத்தில் தட்டச்சு செய்கிறவர். கடைசி வரிசை பெஞ்சில் நானும் மாமாவும் உட்கார்ந்தோம். எனக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். வெகுதூரம் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"இங்கதானேம்மா என் பையன் கேஸ்?" என்று கேட்டார்.

சுருட்டையின் அப்பா. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆமாங்க என்றேன்.

"என் பையன்தான் ஓட்டியிருப்பான்னு பேசிக்கிறாங்களாம். அவனுக்குத் தண்ணின்னா சின்ன வயசுலேருந்து பயம்மா. கிணத்துப் பக்கமே போகமாட்டான். அவன் போய் வெள்ளத்துல வண்டிய எறக்குவானா?"

மனதில் இருப்பதைப் பட்டென்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள் நான். ஊரில் பாதிப்பேர் அதனாலேயே என் கடைக்கு வருவதில்லை. அன்று கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படத்தை எத்தனை தரம் போட்டு, தொப்பி சரியா, சல்யூட் சரியா என்று அலசினோம்! அதிலும் ஒரு சிப்பாய் செத்துத்தானே வழக்கு நடந்தது? அவனுக்கு அப்பா ஒருத்தர் இருப்பார், வந்து பின்னால் உட்கார்ந்திருப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

மேஜர் வந்தார். அமைதியான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. காத்திருங்கள் என்றேன், கேட்கவில்லை என்று அதையே சொன்னார். பிறகு தம்பியின் முறை. கேப்டன் சீட்டை நீட்ட, அவன் வாங்கிப் படித்துக் கேட்டான். மழை எவ்வளவு இருந்தது, எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்ததா. எல்லாம் நல்லபடி போனது. மாமா என் கையைப் பிடித்து அமுக்கினார்.

அடுத்த சீட்டை வாங்கிய தம்பி உடனே படிக்கவில்லை. திரும்பிப் பார்த்தான். என்னைப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் பார்த்தான். சீட்டை மடித்து மேசைமேல் வைத்தான்.

"ஐயா, நீங்க கையக் காட்டி 'போ'ன்னு சொன்னதாலதானே நான் வண்டியத் தண்ணில எறக்கினேன்?"

கேப்டன் பாதி எழுந்துவிட்டார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை, பேசக் கூடாதே. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இல்லை" என்றார் மேஜர்.

அவ்வளவுதான். தட்டச்சு ஓடி நின்றது. நடுவில் இருந்த அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய அன்பாகவே, வண்டியை ஓட்டியது நீங்கள்தானா, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"நான்தாங்க ஐயா. அவனுக்கு அன்னிக்குக் காய்ச்சல். தூங்கிட்டு இருந்தான்."

மேஜர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார், தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார், வெளியே போனார். அவர் அழவில்லை, யாருமே அழவில்லை.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு வருஷம் ஜெயில், வேலையிலிருந்து நீக்கம். வராந்தாவில் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு, படத்தில் இதே கேள்விக்குத்தானே அந்த ஆள் உடைந்தான் என்று முனகினார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "படம் போட்டுக் காட்டியே பிள்ளைய உள்ள தள்ளிட்டீங்களே மாமா, இப்ப நிம்மதியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் தம்பியோடு பேச அந்தக் கார்ப்பரல்தான் வழி செய்துகொடுத்தார். கம்பி போட்ட சின்ன அறை. நான் அழவில்லை, திட்டினேன். தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயே, சினிமா வசனத்தை நம்பி யாராவது இப்படிச் செய்வானா என்று கேட்டேன்.

"அவர் அழுவார்னெல்லாம் நான் நினைக்கலக்கா. மேஜர எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குடா அந்தப் படத்தத் திரும்பத் திரும்பப் பாத்தே?"

"அந்த ஆளுக்குச் சொல்லிட்ட பிறகு மூச்சு விட முடிஞ்சுது. அதப் பாத்தேன்." சட்டைப் பொத்தான் ஒன்றைத் திருகினான். "அந்தச் சீட்ட எப்படிக்கா படிக்கறது? அவங்கப்பா உக்காந்திருக்கார்."

கம்பிக்குள் கையைவிட்டு, தொளதொளவென்று கிடந்த சட்டையின் முன்பக்கத்தை இழுத்துச் சரி செய்தேன். அந்தப் பையனாவது தூக்கத்திலேயே போனானே, அதுவரைக்கும் புண்ணியம் என்றேன்.

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவன் தூங்கலக்கா. முழிச்சுத்தான் இருந்தான். வேணாண்டா வேணாண்டான்னு என் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டே இருந்தான். நான்தான் கேக்கல."

கார்ப்பரல் நேரமாகிவிட்டது என்றார். வண்டி கிளம்பி, கேட்டைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் அந்தப் பெரியவர் நிற்கிறார். நான் யார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன் தம்பியாம்மா அது?"

"ஆமாங்க."

"அவன் சொன்னது நெசந்தானே? என் பையன் தூங்கிட்டுத்தானே இருந்தான்?"

கைப்பையின் காதை அவர் முறுக்கிக்கொண்டே இருந்தார். நான் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தேன்.

"ஆமாங்க. நல்லாத் தூங்கிட்டு இருந்தாராம்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

"அப்ப பயந்திருக்கமாட்டான்" என்றார். பஸ் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார். கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தேன்.