பின்கதவைப் பூட்டியவர்

1

இந்தக் கதை ஒரு சால்வையில் தொடங்கியது. பல்லடம் சாலையிலுள்ள பனியன் கம்பெனி ஒன்றில் தீப்பிடித்தது. புகைக்குள் ஓடி, செக்கிங் பகுதியில் வேலை செய்யும் அபிராமியைத் தூக்கி வந்த கட்டிங் மாஸ்டர் வேல்குமாருக்குப் பாராட்டு விழா. சால்வையைப் போர்த்தியதும் மனிதர் ஆள் மாறிப் பிடிபட்டவரைப் போல நெளிந்தார். பின்கதவைப் பூட்டி வைத்திருந்த மேனேஜர் சிவராஜை அதற்குள் வேலையைவிட்டு நீக்கியிருந்தார்கள்.

ஒரு நாயகன், ஒரு வில்லன். எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

‘சிறுவயதில் தங்கையைத் தீக்குப் பறிகொடுத்தவர் வேல்குமார். ஆகவே’

வேண்டாம். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது.

‘அபிராமியை அவர் மனதுக்குள்’

(இதையும் அடித்துவிட்டேன். என் மனைவி மைதிலி படித்துவிட்டு, “ஏனுங்க, ஒருத்தியக் காப்பாத்தோணும்னா காதலிச்சே ஆகோணுமா?” என்றாள்.)

வேல்குமாரிடமே நேரில் போய்க் கேட்டேன்.

“எதுக்குங்க உள்ள போனீங்க?”

“கட்டிங் மெஷினு ஓடீட்டே இருந்துச்சுங்க. ஆஃப் பண்ணலாம்னு போனனுங்க. பின்கதவ ஆரோ தட்டற சத்தம் கேட்டுச்சு. பாத்தா இந்தப் புள்ள. தூக்கீட்டு வந்துட்டேன்.”

“அந்தப் புள்ள உள்ள இருக்குன்னு தெரிஞ்சிருந்தா போயிருப்பீங்களா?”

“அதத்தானுங்க நானும் ரோசன பண்ணீட்டே இருக்கறேன்.”

தன் காரணம் தனக்கே தெரியாத நாயகனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

3

வில்லன் சுலபம் என்று நம்பினேன். ‘சரக்குத் திருட்டுக்குப் பயந்து பூட்டினார்’ என்று ஒரு வரி எழுதினேன். ஊரும் அப்படித்தான் பேசியது. கையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அபிராமியிடம் அதைப் படித்தும் காட்டினேன்.

“தப்புண்ணே” என்றாள். தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவள். “நான் அழுது கேட்டதாலதான் பூட்டுனாரு. எம் புருசன் அடி தாங்காமத்தான் இங்க ஓடியாந்தேன். அவன் பின்கதவு வழியா வந்து தேடுனான். துணி மூட்டைக்குள்ள ஒளிஞ்சு கெடந்தேன். நான் இங்க இல்லன்னு நெனச்சுப் போயிட்டான். மறுபடி வந்துருவானோன்னுதான் பூட்டச் சொன்னேன்.”

என் வில்லன் கைநழுவிப் போனார். அவரையே நாயகனாக்கிவிட்டால் என்ன? ஆசையோடு அவர் ஊரான குண்டடத்துக்குப் பஸ் ஏறினேன்.

4

சிவராஜ் தோட்டத்தில் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார்.

“இத ஏனுங்க ஒருத்தருகிட்டயும் சொல்லல?”

“சொன்னா பேப்பர்ல வரும். புள்ள இங்கதான் இருக்குதுன்னு அவனுக்குத் தெரிஞ்சு போகும். இப்ப ‘ஒரு பெண் தொழிலாளி’ன்னுதான போட்டிருக்கறாங்க. அப்படியே இருக்கட்டுங்க.”

என் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

“என்னைய நல்லவனாக்கீராதீங்க. சாவி எம் பாக்கெட்டுலதான் இருந்துச்சு. தீன்னு கேட்டதும் ஓடீட்டேன். ரோட்டுக்கு வந்தப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு.” அரிவாளை மறுபடி கையில் எடுத்தார். “ஞாபகம் வந்தும் திரும்பிப் போகலீங்க.”

“ஏன்?”

“பயந்தானுங்க. வேறென்ன?”

(நான் கேட்ட ‘ஏன்’களில் நேரான பதில் கிடைத்தது இது ஒன்றுக்குத்தான். இதை வைத்துக்கொண்டு ஒரு கதையைக் கட்ட எனக்குத் தெரியவில்லை.)

5

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அபிராமி சொன்னாள்: “எழுதுங்கண்ணே. என்னால ஒரு மனுசரு கெட்ட பேரு சுமக்குறாரு. என்னால தாங்க முடியல.”

சிவராஜ் போனில் சொன்னார்: “எழுதாதீங்க, சாமி.”

முடிவு ஒன்று: எழுதுகிறேன். அவர் பேர் துலங்குகிறது. அவளைத் தேடி ஒருவன் பஸ் ஏறுகிறான்.

முடிவு இரண்டு: எழுதவில்லை. அவள் நிம்மதியாக வேலைக்குப் போகிறாள். அவர்

இல்லை, அவள் நிம்மதியாகப் போகமாட்டாள்.

பெயர்களை மாற்றிவிட்டேன். தீப்பிடித்தது பல்லடம் சாலையில் அல்ல, அவர் ஊர் குண்டடமும் அல்ல. அப்படியும் எழுதினேனா, எழுதவில்லையா என்பது எனக்கே குழப்பமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். டீக்கடையில் யாரோ ஒருவன் உங்களிடம் ஒரு பெண்ணின் போட்டோவைக் காட்டி விசாரிக்கலாம். பக்கத்து பெஞ்சிலேயே நாலு பேர் பின்கதவைப் பூட்டியவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டும் இருக்கலாம். அப்போது நீங்கள் வாயைத் திறப்பீர்களோ, பேசாமல் எழுந்து போவீர்களோ, அதுதான் முடிவு.

எதைச் செய்தாலும், ஏன் செய்தீர்கள் என்று மட்டும் நான் கேட்கமாட்டேன்.