வயிற்றில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள்

என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து ஊரார் பார்வையைச் சோதிப்பவர். போன வாரம் குளித்துவிட்டு வந்தவர், குனிந்து தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கடுகளவில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். அவ்வளவுதான், மனுஷன் தன் கதை முடிந்ததென்றே முடிவு கட்டிவிட்டார்.

"அரிக்குதா? வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்லடி. அதான் பயமா இருக்கு."

அடேயப்பா, சாவு பயம் வந்தால் எவ்வளவு நல்ல புருஷன் கிடைக்கிறார்! சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். உப்புக் குறைந்தாலும் வாய் திறக்கவில்லை. அதைவிடப் பெரிய அதிசயம், தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாளென்று வாசற்படி மிதிக்கக் கூடாது என விரட்டிவிட்ட எங்கள் ஒரே மகளுக்கு அவரே போன் போட்டார்.

"சாகறதுக்குள்ள உன்ன ஒரு தடவ பாத்துடணும்மா."

அவள் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு வருவதாகச் சொன்னாள். எனக்கு அந்தப் புள்ளிகளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

சனிக்கிழமை தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "சின்னச் சின்ன ரத்தக் குழாய் ஒண்ணா சேர்ந்து இப்படித் தெரியுது. வயசாக ஆக நிறைய பேருக்கு வரும். ஒண்ணும் பண்ணாது, கிள்ளாம இருங்க. ரத்தம் கசிஞ்சாலோ, நிறம் மாறினாலோ, திடீர்னு நிறைய வந்தாலோ மட்டும் வந்து காட்டுங்க."

மாடிப்படி இறங்குவதற்குள் பழைய மகாராஜா திரும்பி வந்துவிட்டார்.

"அவளையும் அந்தப் பயலையும் வர வேணாம்னு சொல்லிடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுத்தெருவென்றும் பார்க்காமல் என் ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக் காட்டினேன். அதே சிவப்பு, அவருக்கு இருப்பதைவிட நிறைய.

அவர் முகம் வெளுத்துப்போனது. "இது எப்ப வந்துச்சு?"

"அது ஆச்சு அஞ்சாறு வருஷம்."

"சொல்லவே இல்லையே?"

"உங்க கண்ணு முன்னாடிதானே நடமாடிக்கிட்டு இருக்கேன்! சாகப் போறவங்கள பாக்கத்தான் மக வரணும்னா, நான் சாகப் போறேன்னு வச்சுக்குங்க. எனக்காக வரட்டும்."

அழக் கூடாதென்றுதான் நினைத்தேன். அழுதுவிட்டேன்.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வண்டிச் சாவியைத் தேடுகிற சாக்கில் பையைத் துழாவிக்கொண்டே, "மாப்பிள்ளைக்கு என்ன சமைச்சா பிடிக்கும்?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்? பாக்க விட்டீங்களா?"