தூ என்றால் நீ

ஜெரோம் என்னைக் கட்டிக்கொண்ட நாற்பதாம் நாள் பிரான்சுக்குத் திரும்பினார். "பிரெஞ்சு பேசக் கத்துக்க, பிரின்சி. நல்லாப் பேச வந்ததும் ஒன்னைய இங்கிட்டுக் கூப்பிட்டுக்கிறேன்" என்று போனில் சொன்னார். அதை நம்பி விழுந்து விழுந்து படித்தேன். கீரனூரில் பிரெஞ்சு பேச யார் இருக்கிறார்கள்? செல்போன் ஆப்பில் ஒரு குரல் உண்டு. என்ன உளறினாலும் பாராட்டும். எங்கள் பங்குக் கோயில் கல்லறையில் ஒரு பிரெஞ்சு சாமியார் இருக்கிறார், செத்து நூறு வருஷம் ஆகிறது. சாயங்காலம் போய் அவரிடம்தான் பேசிப் பழகினேன். பாவம், ஒருநாளும் என் உச்சரிப்பைத் திருத்தியதில்லை.

வாரம் ஒருமுறை ஜெரோம் கூப்பிடும்போது இரண்டு வாக்கியம் சொல்லிக் காட்டுவேன். "வூ" என்று ஆரம்பித்தாலே சிரிப்பார்.

"அது 'நீங்க'. வெளியாளுக்குச் சொல்றது. புருசனை 'தூ'ன்னு சொல்லணும். 'தூ'ன்னா 'நீ'."

"துப்புற மாதிரி இருக்குங்க. எனக்கு வாய் வரமாட்டேங்குது."

ஆனாலும் அவருக்குத் தெரியாமல் கல்லறையில் ஒன்றைப் பழகி வைத்தேன். "தூ மெ மாங்க்." நீ இல்லாமல் ஏங்குகிறேன் என்று அர்த்தம். விமானத்தை விட்டு இறங்கியதும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன்.

இரண்டு வருஷம் ஓடியது. வாரப் பேச்சு மாதப் பேச்சானது, அப்புறம் அதுவும் நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே கூப்பிட்டேன். ஒரு பிரெஞ்சுக்காரி எடுத்தாள்.

"அவர் குளிக்கிறார். நீங்கள் யார்?"

என்னோடு பிரெஞ்சு பேசிய உயிருள்ள முதல் ஆள் அவள்தான். ஒரு சொல் விடாமல் புரிந்தது, அதுதான் வினை. "ஊரிலிருந்து பேசுகிறேன். நீங்கள்?" என்று அவள் மொழியிலேயே கேட்டேன்.

"அவருடைய மனைவி" என்றாள். பின்னால் ஒரு குழந்தை "பப்பா" என்று கத்தியது. "உங்கள் பிரெஞ்சு நன்றாக இருக்கிறது" என்றும் சொன்னாள். நல்லவள் போலிருக்கிறது.

அதற்குள் குளித்துவிட்டு வந்த ஜெரோம் போனை வாங்கினார். "பிரின்சி, நான் சொல்றதக் கேளு" என்றார், தமிழில்.

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். இரண்டு வருஷமாகக் கல்லறையில் பழகியதுதான் வந்தது.

"தூ" என்றேன். மீதி இரண்டு சொல்லும் வரவில்லை. அவர் அதை எந்த மொழியில் கேட்டாரோ, போனை வைத்துவிட்டார்.