பாஞ்சாலி பேசிய பாஷை

தமிழ்ப் பிள்ளை, தமிழ் தெரிந்தவள் பேசினால் வாயைத் திறந்துவிடும் என்றுதான் அந்தச் சிறுமியர் இல்லத்தில் மரகதத்தைப் பிடித்துப் போட்டார்கள். மரகதம் காக்ஸ் டவுன்காரி, குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர். முப்பது வருஷம் பெங்களூரில் குப்பை கொட்டியும் அவள் கன்னடம் காய்கறி வாங்குவதோடு சரி.

ஐந்து வாரம் ஓடிவிட்டது. "கண்ணு, படம் வரையலாமா? பயப்படாம சொல்லு கண்ணு." ஒன்பது வயதுப் பாஞ்சாலி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை குழந்தைகள் நலக் குழு கூடுகிறது. ஈஜிபுராவில் அவளை வளர்த்த பெரியப்பா ஜெயராமன் திருப்பிக் கேட்கிறான். உடம்பில் இருந்த தழும்புகளுக்கு, படியில் விழுந்தாள் என்று ஒரே சாதிப்பு. பிள்ளை ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அவனோடு அனுப்பிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன மரகதம் வாசலிலேயே நின்றாள். சமையல்கார மமதாவோடு உட்கார்ந்து பாஞ்சாலி அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தாள். வாய் ஓயவில்லை! அத்தனையும் கன்னடம். மரகதத்தைக் கண்டதும் பேச்சு நின்றது, எழுந்து ஓடிவிட்டாள்.

"அவ பெரியப்பனும் உங்க மாதிரிதான் மேடம், கண்ணு கண்ணுன்னு கூப்பிட்டுட்டுத்தான் அடிப்பானாம்," என்றாள் மமதா.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"என்னை யாரு கேட்டாங்க?"

மரகதத்துக்குச் சுருக்கென்றது. ஐந்து வாரமாக அவன் வார்த்தையாலேயே அல்லவா கூப்பிட்டிருக்கிறாள், பாவி!

மறுநாள் மரகதம், ஆலோசனை அறையும் வேண்டாம், படமும் வேண்டாம் என்று அவரைக்கூடைக்கு எதிரே உட்கார்ந்து, தெரிந்த கன்னடத்தைத் தட்டுத்தடுமாறிப் பேசினாள். பாஞ்சாலி களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம் வாத்தியாரம்மா மாதிரி திருத்தவும் தொடங்கினாள். மரகதம் அன்று கேள்வியே கேட்கவில்லை. வியாழக்கிழமை கேட்டது ஒன்றுதான்: நாளைக்கு நான் என்ன செய்யட்டும்? பக்கத்தில் உட்காரணும், தமிழ் பேசக்கூடாது என்றாள் பாஞ்சாலி.

வெள்ளிக்கிழமை குழுத் தலைவர் ஆராவமுதன் பரிவாகத்தான் கேட்டார். "சொல்லும்மா, பெரியப்பாகூடப் போறியா?"

"வாடா கண்ணு," என்று குழைந்தான் ஜெயராமன்.

பாஞ்சாலி சுவரைப் பார்த்தாள். மரகதம் தலைவர் பக்கம் திரும்பினாள்.

"சார், அவரை வெளிய உட்காரச் சொல்லுங்க. நீங்க கன்னடத்துல கேளுங்க."

"ஏம்மா, தமிழ்ப் பிள்ளைதானே?"

"அதனாலதான் சார்."

அவர் மரகதத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஜெயராமனை அனுப்பிவிட்டுக் கன்னடத்தில் கேட்டார். பாஞ்சாலி மரகதத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹோகல்லா," என்றாள். போகமாட்டேன்.

ஏன் என்பதையும் சொன்னாள். எழுத்தருக்கு இரண்டு பக்கம் பிடித்தது. எல்லாம் கன்னடத்தில்தான். 'கண்ணு' என்பதை மட்டும் தமிழிலேயே சொன்னாள்.