வளர்த்திக்கு ஒரு அண்டா

காசி செம்புக் கம்பியில் காயில் கட்டிக் கொடுத்த பம்புசெட்டு மோட்டார் பத்து வருஷத்துக்கு மக்கர் பண்ணாது. கீழ்பென்னாத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நடுவில் புகைந்தால் கூலி இல்லாமல் திரும்பக் கட்டித் தருவதாக அவர் வாக்கு. அப்படிப் புகைந்தது என்று இதுவரை ஒருத்தரும் அவர் கடை வாசலில் வந்து நின்றதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, தங்கை பெற்ற ஒரு பொடியன் 'அரைநாள் மாமா' என்று பேர் வைத்துவிட்டான்.

தங்கை மணியம்மாள், ராஜமாணிக்கம் என்கிற கிறிஸ்தவத் தமிழ் வாத்தியாரை விரும்பிக் கட்டிக்கொண்டவள். அவர்கள் அப்பா அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டார். அவர் இருந்தவரைக்கும் போக்குவரத்து கிடையாது. அவர் கண்ணை மூடிய பிறகு காசி வேங்கிக்காலில் தங்கை வீட்டுப் படியேறினார். உள்ளே எழில், இனியன், கவிநிலா என்று மூன்று பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டு 'இது யாரு' என்று பார்த்தன. மூன்றையும் மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தவில்லை. ஒரு பட்டுத்துணி எடுத்துப் போடவில்லை. தாய்மாமன் என்று ஒருத்தன் கல்லு மாதிரி இருந்தும் இப்படியா என்று காசி தலையில் அடித்துக்கொண்டார்.

"பழச விடுண்ணா. கிறிஸ்துமஸ் வருது, புள்ளைங்களுக்கு எதனா வாங்கிக் குடு. அது போதும்" என்றாள் மணி.

வாங்கிக் கொடுத்தார். 1995 டிசம்பர் அது. கார்த்திகை தீபத்துக்குப் போட்ட கடைகள் இன்னும் பிரிக்காமல் கிடந்தன. இனியனுக்குச் சாவி கொடுத்தால் ஓடும் ரயில், கவிநிலாவுக்குக் கண் சிமிட்டும் பொம்மை, எழிலுக்குக் கல் வைத்த கைக்கடிகாரம். பிரியாணிக்கு இலை போடுவதற்குள் மூன்றும் காலி. ரயில் சக்கரத்தைத் துப்பியது. பொம்மையின் கண் உள்ளே விழுந்து, தூக்கி ஆட்டினால் கிலுகிலு என்றது. கவிநிலா அழுத அழுகையில் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் ஓடிவந்துவிட்டாள். எழில் நின்றுபோன கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். அன்றைக்கு அவள் கவனமே வேறு. பள்ளிக்கூடம் போக ஒரு சைக்கிள் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டு, "வேலூர் ரோட்டுல லாரி போறது கண்ணுக்குத் தெரியலையா? பொட்டப்புள்ள பஸ்ஸுல போ" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். அந்த நேரத்தில்தான் இனியன் ரயிலை மாமன் முகத்துக்கு நேரே ஆட்டிக்காட்டி அந்தப் பேரை வைத்தான். எல்லாரும் சிரித்தார்கள். காசியும் சிரித்தார். சிரித்துவிட்டு ஊருக்குப் போய் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசி பிறந்ததுமே கிளம்பிவிட்டார். திருவண்ணாமலை தேரடித் தெருவில் தர்மசந்திரனின் பாத்திரக்கடை. தர்மசந்திரன் நயினார் என்கிற தமிழ்ச் சமண வீட்டு மனிதர், பொறுமைசாலி. வாய் திறக்கும்முன் ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

"உடையக் கூடாது, நெளியக் கூடாது. பத்து வருஷம் நிக்கணும். மூணு புள்ளைங்களுக்கு" என்றார் காசி.

தர்மசந்திரன் துடைத்துக்கொண்டார். "பொருள் நிக்குங்க. புள்ளைங்கதான் நிக்காதுங்க, சரசரன்னு வளந்துடும். நீங்க வாங்கற கவுனு கிழியறதுக்கு முன்னாடியே முட்டிக்கு மேல ஏறிடும். அப்பறம் கெட்டியா இருந்து இன்னா பிரயோசனம்?"

காசிக்குச் சுருக்கென்றது. அவருடைய அப்பாவும் அதைத்தான் கடைசிவரை சொன்னார். தையல்காரனிடம் "வளர்ற புள்ள, வளர்த்திக்கு ஒரு ஜாண் ஜாஸ்தி வச்சுத் தையி" என்பார். காசி மூன்றாம் வகுப்பில் ஆறாம் வகுப்பு டவுசரை அரைஞாண் கயிற்றில் செருகிக்கொண்டு நடந்தவர். அது அவருக்குச் சரியான அளவில் நின்றது ஒரே ஒரு முழுப்பரீட்சை லீவுக்குத்தான். ஆனாலும் டவுசர் உழைத்தது, அதை யாரும் மறுக்க முடியாது. எனவே பிள்ளைகள் இன்றைக்கு இருக்கும் வயசுக்கு வாங்கக் கூடாது, வரப்போகும் வயசுக்கு வாங்க வேண்டும் என்று முடிவு செய்தார். எதுவும் ஒரு ஜாண் ஜாஸ்தி.

கவிநிலாவுக்கு நாலு வயசு, எட்டு வயசில் விளையாடட்டும் என்று தேக்குச் சட்டம் போட்ட பெரிய கேரம் போர்டு. இனியனுக்கு எட்டு, பன்னிரண்டுக்குப் பிறகு ஓட்டட்டும் என்று பார் வைத்த இருபத்திரண்டு இஞ்ச் சைக்கிள். எழிலுக்குப் பதிமூன்று. பதிமூன்றோடு ஒரு ஜாண் கூட்டினால் காசியின் புத்திக்குக் கல்யாணம்தான் எட்டியது. நடுவில் அந்தப் பெண் படிப்பாள், நாலு இடம் போவாள் என்பதற்கெல்லாம் அவர் ஜாணில் இடமில்லை. ஆக அவளுக்கு அந்தப் பாத்திரக்கடையிலேயே ஒரு எவர்சில்வர் அண்டா. நாலு குடம் தண்ணீர் பிடிக்கும். தர்மசந்திரன் மிஷினை வைத்து அதன் கழுத்தில் 'செல்வி இரா. எழில்' என்று பேர் வெட்டினார். சைக்கிளின் செயின் கவரில் 'இனியன்' என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியாயிற்று. கேரம் போர்டின் முதுகில் கவிநிலா பேர் ஏறியது. பேர் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்குள் சண்டை வராது பாருங்கள்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் காசியின் பெண்சாதி எல்லம்மாள் தன் பங்குக்கு ஒன்று செய்தாள். "வெறும் கையில அப்படியே நீட்டுவியா? மாமன் செய்யறது, மரியாதையா இருக்க வேணாவா?" என்று மூன்று தாம்பாளத்தை எடுத்து, தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ, புதுத்துணி என்று அடுக்கிக் கொடுத்தாள். மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று அவள் வீட்டிலேயே நின்றுகொண்டாள். காசி வேன் பிடித்து, மேலே சைக்கிளையும் கேரம் போர்டையும் கட்டி, உள்ளே அண்டாவை வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வேங்கிக்காலில் ராஜமாணிக்கம் குடியிருந்த தெரு புதுத்தெரு. பாதிப்பேர் கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம். அன்றைக்கு லீவு, எல்லாரும் வாசலில் நின்றார்கள். வேன் வந்து நின்றது. முதலில் காசி பட்டுக்கரை வேட்டியோடு பூவும் பழமும் வைத்த தாம்பாளத்தை ஏந்தி இறங்கினார். அவருக்குப் பின்னால் டிரைவர் சுப்பன், பளபளவென்று அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். சர்ச்சுக்குப் போய்த் திரும்பிய குடும்பம் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தது.

தாய்மாமன். தாம்பாளம். அண்டா. வீட்டில் பதிமூன்று வயசுப் பெண். தெருவுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? எழில் வயசுக்கு வந்துவிட்டாள் என்று அரை நிமிஷத்தில் தெரு தீர்மானித்துவிட்டது. வேன் கதவைச் சாத்துவதற்குள் ஜோதியம்மாள் ஒரு கையில் நல்லெண்ணெய், ஒரு கையில் ஆறு நாட்டுக்கோழி முட்டையோடு உள்ளே வந்துவிட்டாள்.

"இன்னா மணி, பக்கத்து ஊட்டுல இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பொண்ணு எப்ப உக்காந்தா? பச்ச ஓலைக் குடிசை கட்டலையா? உங்க வேதத்துல அதெல்லாம் கெடையாதா?"

எழிலுக்கு முதலில் புரியவில்லை. முட்டையைப் பார்த்தாள், எண்ணெயைப் பார்த்தாள், அண்டாவில் தன் பேரைப் பார்த்தாள். புரிந்தது. முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. "போங்க மாமா!" என்று ஒரே கத்தல். உள்ளறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"அய்யோ, இது கிறிஸ்துமஸ் பரிசுங்க! நெஜமாங்க!" என்றார் காசி, ஜோதியம்மாளிடம்.

"கிறிஸ்துமஸுக்கு யாராவது அண்டா குடுப்பாங்களா?" என்று சிரித்தாள் அவள். "வெக்கப்படாதீங்க, நல்ல விஷயந்தானே." முட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, மற்ற வீடுகளுக்குச் சொல்லப் போய்விட்டாள்.

ராஜமாணிக்கத்துக்குக் கோபம் எல்லை மீறினால் செந்தமிழ் வந்துவிடும். "மைத்துனரே, தாங்கள் செய்திருக்கும் காரியத்தின் விளைவைத் தாங்கள் அறிவீர்களா?" என்றார். மணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். காசி தாம்பாளத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். போன வருஷம் பிரியாணி வரைக்குமாவது தாக்குப்பிடித்தோம், இந்த வருஷம் வாசப்படி தாண்டுவதற்குள் புகைந்துவிட்டதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே உறைக்கும்? கவிநிலா கேரம் போர்டைத் தூக்கப் பார்த்தாள், அசையவில்லை. அண்டாவுக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. "தண்ணி ஊத்து" என்று உத்தரவு போட்டாள். புதுக் கவுனோடு ஊற்றச் சொல்லி அவள் போட்ட கூச்சலுக்கு சுப்பன்தான் கட்டுப்பட்டு ஒரு குடம் கொண்டுவந்தான். இனியன் சைக்கிளில் ஏறினான். கால் பெடலுக்கு எட்டவில்லை. பாருக்கு அடியில் காலை விட்டுப் பார்த்தான், சைக்கிளோடு கோலத்தின்மேல் விழுந்தான். எழுந்து துடைத்துக்கொண்டு, யாரும் தொடாமல் கிடந்த கேரம் போர்டின் பக்கம் நைசாக நகர்ந்தான். அது அவனுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

"அது எனுது!" என்றது அண்டா.

"நீ அக்கா அண்டாவுல உக்காந்திருக்க. சரிக்குச் சரி" என்றான் இனியன். அது நியாயமாகப் பட்டதோ என்னவோ, கவிநிலா மறுபடி அண்டாத் தண்ணீரைக் கையால் அடித்து விளையாட ஆரம்பித்தாள்.

வெளியே வாசலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. இன்னொருத்தி உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. மணி போய்ப் பலதடவை சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை. மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்கள்.

உள்ளறைத் தாழ்ப்பாள் திறந்தது. எழில் வந்தாள். கண் சிவந்திருந்தது. காசியின் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அப்பாவின் முன்னால் நின்றாள்.

"நான் உள்ளயே இருந்தா நெஜம்னுதான் நெனப்பாங்க, இல்லப்பா?"

"ஆமாம்" என்றார் ராஜமாணிக்கம், ஜாக்கிரதையாக.

"நெஜமாவே அப்படி ஆயிருந்தா பதினோரு நாளைக்கு வெளிய உட மாட்டாங்க. வெளிய சுத்துனா?"

ராஜமாணிக்கம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"அவங்க கண்ணு முன்னாடி நாலு தெரு சுத்திட்டு வந்தா, எவ வாயத் திறப்பா?"

ராஜமாணிக்கம் ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். குடும்ப மானம் ஒரு பக்கம், வேலூர் ரோட்டு லாரி ஒரு பக்கம். "உனக்கு ஓட்டத் தெரியாதே" என்றார் கடைசியில்.

"கூடப் படிக்கற கமலா சைக்கிள்ல கத்துக்கினேன். ரெண்டு வருஷமாச்சு" என்றாள் எழில். இது அன்றைக்கு வெடித்த இரண்டாவது குண்டு. "அதோட இது எனக்கு வாங்கின சைக்கிள் இல்ல. நீங்க ஒண்ணும் எனக்கு வாங்கித் தரல. தம்பியுது. பேரு போட்டிருக்கு பாருங்க. இனியா, ஓட்டலாமா?"

இனியன் ஸ்டிரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு தன் காலையும் சீட்டையும் அளந்து பார்த்தான். "எனக்குக் கால் எட்ட நாலு வருஷம் ஆவும். அதுவரைக்கும் ஓட்டிக்கோ" என்றான். பெரிய மனுஷன்.

எழில் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினாள். வாசல் கூட்டத்தை நோக்கி சைக்கிள் பெல்லை அடித்தாள். கூட்டம் விலகியது. காலை வீசிப் பாரைத் தாண்டி ஏறினாள். முதல் சுற்றில் ஜோதியம்மாள் வாய் திறந்தபடி நின்றாள். இரண்டாவது சுற்றில் திறந்த வாயை மூடிக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் மெதுவாக உள்ளே வந்து, மேசைமேலிருந்த ஆறு முட்டையையும் எடுத்துக்கொண்டு போனாள். நல்லெண்ணெயை மறந்துவிட்டாள்.

எழில் நாலு தெருவோடு நிற்கவில்லை. பிரியாணி ஆறி, மறுபடி சூடுபண்ணி, எல்லாரும் சாப்பிட்டு முடித்தும் அவள் வரவில்லை. ராஜமாணிக்கம் பத்து தடவை வாசலுக்குப் போனார், ஆனால் திட்டவில்லை. காசிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அண்டாவுக்குள் கவிநிலா தூங்கிப்போயிருந்தாள். இனியன் ஒண்டியாகவே கேரமில் ராணியைப் போட்டு, அதற்கு ஃபாலோ காயும் போட்டான். 'அரைநாள்' என்ற பேச்சு அவன் வாயில் வரவே இல்லை. வந்திருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பெண் கத்திய 'போங்க மாமா'தான் காசியின் காதிலேயே நின்றது.

சாயங்காலம் வேன் கிளம்பியது. தெருமுனையில் பின்னால் சைக்கிள் பெல் சத்தம். எழில் வியர்த்து விறுவிறுத்து வேனுக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்தாள். சுப்பன் வேகத்தைக் கம்மி பண்ணினான். காசி ஜன்னலில் தலையை நீட்டினார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. அடுத்த வருஷம் ஒன்னக் கேட்டுட்டே வாங்கறேன்" என்றார்.

எழில் ஒரு கையை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னா வேணா வாங்குங்க மாமா" என்றாள். "பேரு மட்டும் இனியன்னு போட்டுடுங்க."