ஓட்ஸ் பால் பிடிபட்டது

சர்க்கரை நோய் எனக்கு, சோதனை என் டூல் பைக்கு. ஒரு மாதமாகக் காலைச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை இருநூற்று இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். போகிற இடத்திலெல்லாம் இனிப்பு தின்கிறேன் என்று என் மனைவி முடிவே கட்டிவிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க, என்ன தின்னீங்க?" என்று வாசலிலேயே பையைக் கொட்டுவாள். ஸ்குரூ டிரைவர்தான் விழும். எரிச்சல் வராதா மனுஷனுக்கு?

"சர்க்கரை சேர்க்கலைன்னு டப்பாவுலயே போட்டிருக்குக்கா" என்று எனக்கு ஓட்ஸ் பாலைப் பழக்கியது அவள் தம்பி. அதன் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

லிஃப்ட் நின்றுபோனால் நாங்கள் எல்லாவற்றையும் கழற்ற மாட்டோம். ஒரு பாகத்தை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்போம். அதையே செய்தேன். அதே ரெண்டு துண்டு ரொட்டி, அதே மாத்திரை, அதே டம்ளர். பால் மட்டும் இனிப்பில்லாத சோயா பால். மூன்று நாளும் நூற்று அறுபதைத் தாண்டவில்லை. நாலாம் நாள் மறுபடி ஓட்ஸ் பால் குடித்தேன். இருநூற்று இருபத்தைந்து!

மீட்டரை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். "ஓட்ஸ்ல இருக்கற மாவு, பாலாக்கும்போதே சர்க்கரையா மாறிடுது" என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் பையைப் பிடுங்கி வாசலிலேயே கொட்டினாள் என் மனைவி.